நாள் தள்ளிப் போகுதுங்களா? – வாசகியர் கேள்விகளுக்கு மகளிர் மருத்துவர் பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மாதவிலக்கைப் பற்றியவை. அந்தியூரில் ஒன்பதாவது படிக்கிற பிள்ளையின் அம்மாவிலிருந்து தாராபுரத்தில் பேரன் எடுத்தவர் வரை எழுதியிருக்கிறீர்கள். ஆகவே பக்கம் முழுவதையும் இதற்கே ஒதுக்கிக்கொண்டேன். பெயர் யாருக்கும் போடவில்லை. சிலருக்கு ஊரைக்கூடப் பக்கத்து ஊராக மாற்றியிருக்கிறேன்.

நாள் தள்ளிப்போனால் மருந்துக்கடையில் கேட்டு ஒரு மாத்திரை போட்டு ‘வரவைத்துவிட்டால்’ விஷயம் முடிந்தது என்ற எண்ணம் நம் பக்கத்தில் வேரோடிக் கிடக்கிறது. ஏன் தள்ளிப்போனது என்று பார்க்காதவரை அது முடிவதில்லை. கோபியில் என் கிளினிக்குக்கு வருகிறவர்களிடம் ஸ்கேன் ரிப்போர்ட்டுக்கு முன்னால் நான் கேட்பது கடைசி நான்கைந்து தேதிகளை. காஸ் சிலிண்டர் மாற்றிய நாள், சொசைட்டிக்குப் பால் ஊற்றிய லிட்டர், சீட்டுப் பணம் கட்டிய நாள் எல்லாம் சமையலறைக் காலண்டரில் இருக்கும். இது மட்டும் இருக்காது. வந்த நாளுக்கு ஒரு புள்ளி, நின்ற நாளுக்கு ஒரு புள்ளி வைத்தால் போதும். பாதி வைத்தியம் அந்தக் காலண்டரிலேயே எனக்குக் கிடைத்துவிடும்.

என் மகள் ஒன்பதாவது படிக்கிறாள். போன வருஷம் சித்திரையில் வயசுக்கு வந்தாள், திரட்டிச் சீரும் செய்தோம். அதற்கப்புறம் ஒரு தடவை 35 நாள், அடுத்தது 58 நாள், அப்புறம் 40 நாள் என்று வருகிறது. ஸ்கேன் எடுத்ததில் இரண்டு பக்கமும் நீர்க்கட்டி என்று எழுதிக் கொடுத்து, ஆறு மாதத்துக்கு மாத்திரையும் கொடுத்துவிட்டார்கள். என் நாத்தனார், ‘இதுக்கெல்லாம் கொழந்தையே தங்காது’ங்கறாங்க. பிள்ளை சரியாகச் சாப்பிடாமல் அழுகிறாள். மாத்திரை கொடுக்கலாமுங்களா? – ஒரு தாய், அந்தியூர்

உங்கள் மகளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்து இதைப் படித்துக் காட்டுங்கள். கண்ணு, அம்மா எழுதியதை வைத்துப் பார்த்தால் உனக்கு நோய் என்று சொல்ல எதுவுமே இல்லை. அழாமல் சாப்பிடு.

வயசுக்கு வந்த முதல் இரண்டு மூன்று வருடம் மாதவிலக்கு முன்னே பின்னே வருவது இயல்பு. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் ஹார்மோன்களைக் கேட்டுத்தான் சினைப்பையில் முட்டை முதிர்ந்து வெளியே வருகிறது. முட்டை வெளியான பிறகுதான் புரொஜெஸ்டிரோன் சுரக்கும். அது சுரந்து, பிறகு குறையும்போது விலக்கு கணக்காக வரும். இந்த ஏற்பாடு நிலைப்படச் சில வருடம் பிடிக்கிறது. அதுவரை பல மாதங்களில் முட்டையே வெளியாகாது, தேதியும் தப்பும். பெரியவர்களுக்கு 21 நாளிலிருந்து 35 நாள் என்றால், இந்த வயதுப் பிள்ளைகளுக்கு 45 நாள் வரை சரிதான். ஆரம்பத்தில் எப்போதாவது 58 நாள் ஆனால் அதற்காகப் பயப்பட வேண்டியதில்லை.

அப்புறம் ஸ்கேன். வளரும் வயதில் சினைப்பையில் சின்னச் சின்ன முட்டைப்பைகள் நிறையத் தெரியும். ஆரோக்கியமான பிள்ளைகளுக்கும் அப்படித்தான் இருக்கும். வயசுக்கு வந்து 8 வருடம் ஆகும்வரை ஸ்கேனை வைத்து பிசிஓஎஸ், அதாவது சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு என்று முடிவு கட்டக் கூடாது என்று 2023-ல் வந்த சர்வதேச வழிகாட்டுதல் தெளிவாகச் சொல்கிறது. அந்த ரிப்போர்ட்டை மடித்து பீரோவில் வையுங்கள். மாத்திரையை எழுதியவரிடமே போய், ‘எதற்காக?’ என்று கேளுங்கள். ரத்தப்போக்கு மிக அதிகம், முகத்தில் முடி, அடங்காத முகப்பரு என்று ஏதாவது இருந்தால் அதற்கு அர்த்தம் உண்டு. தேதிக்காக மட்டும் என்றால் அவசரமே இல்லை.

எதற்குக் காட்ட வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறேன். 90 நாளைத் தாண்டியும் வரவில்லை என்றால் காட்டுங்கள். 21 நாளுக்குள் திரும்பத் திரும்ப வந்தாலும், 7 நாளுக்கு மேல் நிற்காமல் போனாலும் காட்டுங்கள். ஒரு மணி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு பேடு நனைந்தால் உடனே வாருங்கள். முதல் விலக்கிலிருந்தே அப்படிப் போகிற பிள்ளைகளில் சிலருக்கு ரத்தம் உறைவதிலேயே பிறவிக் குறை இருக்கும். அதைத் தேடிப் பார்க்காமல் இரும்புச்சத்து மாத்திரை மட்டும் கொடுத்துக்கொண்டிருப்பது பிள்ளைக்குச் செய்கிற கெடுதல். 15 வயது முடிந்தும் வயசுக்கே வராத பிள்ளையையும் காத்திருக்க வைக்காமல் அழைத்து வாருங்கள்.

உங்கள் நாத்தனார் சொன்னதற்கு எந்த மருத்துவ ஆதாரமும் கிடையாது. 14 வயதுப் பிள்ளையின் காதுபட அப்படிப் பேசக் கூடாது என்று வீட்டில் யாராவது ஒருவர் அவரிடம் நேராகச் சொல்ல வேண்டும். அந்த ஒருவர் நீங்களாகவே இருங்கள்.

வயது 24. பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறேன். ஆர்டர் நெருக்கினால் ஒன்றரை ஷிப்ட், ரூமுக்கு வர ராத்திரி ஒன்பது ஆகிவிடும். இரண்டு வருடமாக மூன்று மாதம், நான்கு மாதம் வராமல் இருக்கிறது. தாடையில் முடி வளர்கிறது. பின்கழுத்து கறுத்துவிட்டது, தேய்த்தாலும் போகவில்லை. உயரம் 152 செ.மீ., எடை 71 கிலோ. மருந்துக்கடையில் ஐந்து நாள் மாத்திரை வாங்கிப் போட்டால் வந்துவிடும். இப்படியே போட்டுக்கொண்டிருந்தால் ஆபத்துங்களா டாக்டர்? ஊரில் அம்மாவிடம் சொல்லப் பயமாக இருக்கிறது. – திருப்பூர்

அம்மிணி, நல்ல வேளையாக எழுதினாய். நீ எழுதியிருக்கும் நாலு வரியில் பெரும்பாலும் பிசிஓஎஸ்தான் தெரிகிறது. இதை 1935-ல் சிகாகோவில் ஸ்டைன், லெவந்தால் என்ற இரு மருத்துவர்கள் முதலில் விவரித்தார்கள். பிள்ளை பெறும் வயதில் உள்ள பெண்களில் 100-க்கு 8 முதல் 13 பேருக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. உன் செக்கிங் டேபிளில் உனக்குப் பக்கத்திலேயே ஒருத்திக்கு இருக்கலாம். அவளும் யாரிடமும் சொல்லாமல் இருக்கலாம்.

மூன்று விஷயங்களில் இரண்டு இருந்தால் பிசிஓஎஸ் என்கிறோம்: விலக்கு தள்ளித் தள்ளி வருவது, ஆண் ஹார்மோன் கூடியிருப்பதன் அடையாளம், அதாவது தாடை முடி, பரு, அல்லது ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் அதிகம், ஸ்கேனில் ஒரு சினைப்பையில் 20 அல்லது அதற்கு மேல் சிறு முட்டைப்பைகள். அந்தப் பைகள் 9 மில்லிமீட்டருக்கு மேல் வளராமல் நின்றுபோனவை. அறுத்து எடுக்கிற கட்டி என்று யாராவது பயமுறுத்தினால் நம்பாதே. உனக்கு முதல் இரண்டும் இருப்பதால் ஸ்கேன் இல்லாமலேகூடச் சொல்லிவிடலாம். ஆனால் இதே மாதிரி வேஷம் போடுகிற வேறு காரணங்களை முதலில் விலக்க வேண்டும். தைராய்டுக்கு டி.எஸ்.எச்., பிறகு பால் சுரக்க வைக்கும் ஹார்மோனான புரோலாக்டின், டெஸ்டோஸ்டிரோன், அட்ரினல் சுரப்பிக்காக ஒரு ரத்தப் பரிசோதனை. இவற்றுக்கெல்லாம் முன்னால் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை செய்வோம். கல்யாணம் ஆகவில்லையே, என்னைப் போய் இப்படிக் கேட்கிறாரே என்று மனசு கஷ்டப்படாதே. நாள் தள்ளியது என்று யார் வந்தாலும் அதைத்தான் முதலில் செய்கிறோம்.

உன் கழுத்துக் கறுப்புக்கு வருகிறேன், எனக்கு அதுதான் முக்கியம். அது அழுக்கு இல்லை கண்ணு. பீர்க்கங்கூடு போட்டுத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொண்டு வருகிற பிள்ளைகளைப் பார்க்கிறேன். உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது கணையம் கூடுதலாகச் சுரக்கிறது. அந்தக் கூடுதல் இன்சுலின் தோலைத் தடிப்பாக்கிக் கறுக்க வைக்கும். அதே இன்சுலின் சினைப்பைக்குப் போய் ஆண் ஹார்மோனைக் கூட்டும். ஆண் ஹார்மோன் கூடினால் முட்டை முதிராது, முட்டை வெளியாகாவிட்டால் விலக்கு வராது. கழுத்து, தாடை, தேதி மூன்றும் ஒரே சங்கிலியில் வருகின்றன. அதனால் உனக்கு 75 கிராம் குளுக்கோஸ் குடிக்க வைத்துச் சர்க்கரையும் பார்க்க வேண்டும். 24 வயதில் சர்க்கரை எதற்கு என்று கேட்காதே. பிசிஓஎஸ் உள்ளவர்களுக்கு அது சீக்கிரம் வருகிறது.

மருந்துக்கடை மாத்திரையைப் பற்றிக் கேட்டாய். அது புரொஜெஸ்டிரோன் வகை. அந்த மருந்து கெட்டது இல்லை, நாங்களும் கொடுக்கிறோம். முட்டை வெளியாகாத மாதங்களில் ஈஸ்ட்ரோஜன் மட்டும் சுரந்து கர்ப்பப்பையின் உள்சவ்வு தடித்துக்கொண்டே போகும். வருடக்கணக்கில் அப்படி விட்டால் அந்தச் சவ்வில் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடுகிறது. ஆகவே குறைந்தது மூன்று மாதத்துக்கு ஒரு முறை விலக்கு வந்தாக வேண்டும். வராவிட்டால் மாத்திரை கொடுத்து வரவைப்போம், பெரும்பாலும் 10 முதல் 14 நாள் வரை. என்ன காரணம் என்று பார்க்காமல், கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்யாமல், கவரில் ஐந்து மாத்திரையைப் போட்டுக் கொடுப்பதைத்தான் தப்பு என்கிறேன்.

வைத்தியம் ஆளுக்கு ஆள் மாறும். உனக்கு முடியும் தேதியும் தொந்தரவு என்றால் இரண்டு ஹார்மோன் கலந்த மாத்திரை உதவும். போட்டால் பின்னாளில் பிள்ளை பிறக்காது என்பது வீண் பயம். ஆனால் தலைவலியோடு கண்முன் மின்னல் மாதிரி தெரிகிறவர்கள், ரத்த அழுத்தம் உள்ளவர்கள், காலில் ரத்தக் கட்டி வந்தவர்கள் அதைப் போடக் கூடாது. அதனால்தான் டாக்டர் எழுதித்தான் போட வேண்டும் என்கிறோம். இன்சுலினுக்கு மெட்ஃபார்மின் கொடுப்போம். முதல் சில வாரம் வயிறு புரட்டும், சாப்பாட்டோடு போட்டால் தாங்கும். தாடை முடிக்கு ஆறு மாதமாவது பொறுமை வேண்டும்.

எடையில் 100-க்கு 5 குறைந்தாலே பலருக்கு விலக்கு திரும்பிவிடுகிறது. உனக்கு அது மூன்றரை கிலோ. பட்டினி கிடக்காதே. பத்து மணி டீயோடு தேங்காய் பன், நாலு மணி டீயோடு போண்டா, ராத்திரி ரூமுக்குப் போகிற வழியில் பரோட்டா, இதுதானே ஓடுகிறது? டீயில் சர்க்கரையைக் குறை. பன்னுக்குப் பதில் வேகவைத்த தட்டைப்பயிறோ கொள்ளோ ஒரு டப்பாவில் எடுத்துப் போ. ரூமில் நாலு பேர் சேர்ந்து ராத்திரியே ஊறப்போட்டால் காலையில் ஒரு விசில் வேலை. இரண்டு முட்டை சேர்த்துக்கொள். நின்றபடி வேலை பார்ப்பது நடை ஆகாது. சாப்பிட்ட பிறகு அரை மணி நேரம் வேகமாக நட. ஒல்லியாக இருப்பவர்களுக்கும் பிசிஓஎஸ் வரும், அதனால் ‘குண்டானதால் வந்தது’ என்று உன்னை நீயே திட்டிக்கொள்ள வேண்டாம்.

சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடித்தால் இந்தப் பரிசோதனைகளுக்கு நீ தனியாகக் காசு கொடுக்க வேண்டியதில்லை. அட்டையை எடுத்துக்கொண்டு போ. போவதற்கு முன்னால் அம்மாவுக்கு ஒரு போன் போடு. நீ நினைப்பதைவிட அவருக்கு இதெல்லாம் தெரிந்திருக்கும்.

நாங்கள் பிராய்லர் பண்ணை வைத்திருக்கிறோம். கம்பெனிக் குஞ்சு, கம்பெனித் தீவனம். கோழிக்கு ஹார்மோன் ஊசி போடுவதால்தான் பெண் பிள்ளைகள் சீக்கிரம் வயசுக்கு வருகிறார்கள், விலக்கும் கெடுகிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். எங்கள் ஷெட்டில் அப்படி எந்த ஊசியும் நான் பார்த்ததில்லை. என் மகளுக்கே கறி கொடுக்க இப்போது யோசனையாக இருக்கிறது. உண்மை என்னங்க? – பல்லடம்

நீங்கள் கண்ணால் பார்த்ததுதான் உண்மை. இந்தக் கேள்வி நாமக்கல்லிலிருந்து உடுமலை வரை எல்லா ஊரிலும் எனக்கு வருகிறது. பண்ணைக்காரர் ஒருவரே கேட்டதில் சந்தோஷம்.

வளர்ச்சி ஹார்மோன் என்பது புரதம். தீவனத்தில் கலந்தால் கோழியின் வயிற்றிலேயே செரித்துப் போய்விடும். ஊசியாகத்தான் போட வேண்டும், அதுவும் திரும்பத் திரும்ப. ஐயாயிரம் கோழி நிற்கிற ஷெட்டில் ஒவ்வொன்றாகப் பிடித்து யார் போடுவது? அந்தச் செலவுக்குக் கோழி விலை கட்டுமா? குஞ்சாக இருக்கும்போது வெள்ளைக்கழிச்சலுக்குக் கண்ணில் சொட்டு மருந்தும், பிறகு தண்ணீரில் தடுப்பு மருந்தும் கொடுக்கிறீர்கள். வெளியே இருந்து பார்க்கிறவர்கள் அதைத்தான் ஹார்மோன் என்று நினைக்கிறார்கள். ஆறு வாரத்தில் இரண்டு கிலோ வருவதற்குக் காரணம் பல தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்த இனமும், கணக்குப் பார்த்துக் கலந்த தீவனமும்.

கோழித் தொழிலில் நான் கவலைப்படுகிற விஷயம் ஒன்று உண்டு, அது ஆன்டிபயாடிக். நோய் இல்லாமலே தீவனத்தில் கலப்பதால் கிருமிகள் மருந்துக்கு அடங்காமல் போகின்றன. கொலிஸ்டின் என்ற மருந்தை உணவுக்காக வளர்க்கும் பிராணிகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று 2019-ல் மத்திய அரசு தடை போட்டது இதற்காகத்தான். மருந்து கொடுத்த கோழியை, சொன்ன நாள் கழியும்வரை பிடிக்க விடாதீர்கள்.

பிள்ளைகள் முன்பைவிடச் சீக்கிரம் வயசுக்கு வருவதில் சத்தான சாப்பாட்டுக்கும் உடல் எடைக்கும் பெரிய பங்கு இருக்கிறது. உங்கள் மகளுக்கு வீட்டுக் குழம்பில் கறி கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை பொரித்த கோழியோடு அவள் குடிக்கிற ஒரு பாட்டில் கலர்தான் குறைக்க வேண்டியது.

பங்குனியில் பண்ணாரி அம்மனுக்குக் குண்டம் இறங்க வேண்டிக்கொண்டிருக்கிறேன். தேதி சரியாக அன்றைக்கே வரும் போலிருக்கிறது. தள்ளிப்போட மாத்திரை போடலாமா? போன வருடம் நாத்தனார் கல்யாணம், ஊர் மாரியம்மன் பண்டிகை என்று மூன்று தடவை போட்டேன். அதிலிருந்து தேதி குழம்பிவிட்டது. – சத்தியமங்கலம்

போடலாம். டாக்டரைப் பார்த்துவிட்டுப் போடுங்கள். நார்எதிஸ்டிரோன் என்ற மாத்திரையை எதிர்பார்க்கும் தேதிக்கு மூன்று நாள் முன்பே ஆரம்பிக்க வேண்டும். பூச்சாட்டுக்கு ஓடியாடிவிட்டு முந்தின நாள் ராத்திரி ஞாபகம் வந்து ஆரம்பித்தால் கேட்காது, திட்டுத்திட்டாகப் பட்டு இன்னும் சங்கடமாகும். நிறுத்திய இரண்டு மூன்று நாளில் விலக்கு வரும். அந்த முறை கொஞ்சம் அதிகமாகவும் போகலாம். இதைக் கருத்தடை மாத்திரை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

காலில் ரத்தக் கட்டி வந்தவர்கள், கல்லீரல் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பமோ என்று சந்தேகம் உள்ளவர்கள் தொடவே கூடாது. ஒரு தடவை போட்டால் தேதி அதன்படி நகர்ந்து, பிறகு சீராகிவிடும். உங்களுக்கு வருடம் முழுதும் குழம்பியிருக்கிறது என்றால் மாத்திரையைக் காரணம் சொல்லிவிட்டு இருக்காமல் தைராய்டும் ரத்த அளவும் பாருங்கள்.

குண்டம் இறங்குவது உங்கள் வேண்டுதல், அதில் நான் தலையிட மாட்டேன். ஆனால் சீமந்தம், காதுகுத்து, கிடாவெட்டு என்று ஒவ்வொன்றுக்கும் மருமகளை மாத்திரை போடச் சொல்லும் வீடுகளைப் பார்க்கிறேன். அவள் போட விரும்புகிறாளா என்று ஒரு வார்த்தை கேட்பதே இல்லை. அந்த வீட்டுப் பெரியவர்கள் இதைப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

எனக்கு 31 வயது. நான்கு மாதமாக விலக்கு வரவில்லை, கர்ப்பமும் இல்லை. சின்னவனுக்கு ஐந்து வயதாகிறது, இப்போது மார்பில் பால் கசிகிறது. யாரிடம் சொல்வது என்றே தெரியவில்லை. வேறு மாத்திரை எதுவும் சாப்பிடுவதில்லை, காஸ் மாத்திரை மட்டும்தான். – பெருந்துறை

‘மட்டும்தான்’ என்று நீங்கள் எழுதிய அந்த மாத்திரையின் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பான்டாப்ரசோலோடு டாம்பெரிடோன், அல்லது ராபிப்ரசோலோடு லெவோசல்பிரைடு என்று போட்டிருக்கலாம். இந்த இரண்டாவது பெயர்கள் வாந்தியை நிறுத்தவும் வயிற்றை ஓட வைக்கவும் சேர்க்கப்படுபவை. இவை புரோலாக்டின் என்ற ஹார்மோனைக் கூட்டும். பால் சுரக்க வைப்பது அதுதான். அது கூடினால் முட்டை முதிராது, விலக்கும் நின்றுபோகும். மனநோய்க்குக் கொடுக்கும் சில மருந்துகளும் இதைச் செய்யும், ஆனால் அவற்றை நீங்களாக நிறுத்தக் கூடாது.

காஸ் மாத்திரையை எழுதியவரிடமோ, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அட்டையைக் காட்டுங்கள். மாற்று மருந்து இருக்கிறது. புரோலாக்டினும் டி.எஸ்.எச்.சும் பாருங்கள். தைராய்டு குறைந்தாலும் புரோலாக்டின் கூடும். மாத்திரையை நிறுத்தியும் அளவு இறங்கவில்லை என்றாலோ, தலைவலியும் பக்கவாட்டுப் பார்வை மங்கலும் இருந்தாலோ பிட்யூட்டரியில் சின்னக் கட்டி இருக்கிறதா என்று எம்.ஆர்.ஐ. எடுப்போம். அப்படி இருந்தாலும் பெரும்பாலும் மாத்திரையிலேயே சுருங்கிவிடும். மார்பை அழுத்திப் பிழிந்து பார்க்காதீர்கள், அதுவே கசிவைக் கூட்டும்.

வயது 46. மகளுக்குக் கல்யாணம் ஆகிப் பேரன் இருக்கிறான். ஒரு வருடமாகச் சில தடவை 20 நாளில் வருகிறது, சில தடவை இரண்டு மாதம் ஆகிறது. வந்தால் பத்து நாள் கட்டி கட்டியாகப் போகிறது. காட்டு வேலைக்குப் போக முடியவில்லை, படியேறினால் மூச்சு வாங்குகிறது. காட்டிய இடத்தில், ‘இனி எதுக்குங்க, கர்ப்பப்பையை எடுத்துடலாம்’ என்றார்கள். என் வீட்டுக்காரரும் சரி என்கிறார். – தாராபுரம்

அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள் தங்கச்சி. நம் நாட்டுப் பெண்களுக்கு மாதவிலக்கு முற்றிலும் நிற்கும் சராசரி வயது 46, 47. அதற்கு முந்தைய சில வருடங்களில் தேதி தடுமாறுவது சகஜம். ஆனால் பத்து நாள் கட்டி கட்டியாகப் போவதை ‘நிற்கிற காலம், அப்படித்தான்’ என்று விட்டுவிடவும் கூடாது.

முதலில் உங்கள் ரத்த அளவு. மூச்சு வாங்குவதைப் பார்த்தால் ஹீமோகுளோபின் நன்றாக இறங்கியிருக்கும். 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகைதான். மாத்திரையை எலுமிச்சைச் சாற்றோடு போடுங்கள், டீயோடு வேண்டாம். மிகவும் குறைந்திருந்தால் இரும்புச்சத்தை நரம்பு வழியாக ஏற்றலாம்.

அப்புறம் காரணம். சதைக்கட்டியா, கர்ப்பப்பைச் சுவர் வீக்கமா, பாலிப் என்கிற உள்சவ்வுச் சதை வளர்ச்சியா, தைராய்டா என்று ஸ்கேனிலும் ரத்தத்திலும் பார்க்க வேண்டும். 45 வயதைத் தாண்டியவர் என்பதால் உள்சவ்விலிருந்து துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியே ஆக வேண்டும். இந்தப் பரிசோதனை செய்தார்களா என்று கேளுங்கள். செய்யாமல் எடுத்துவிடலாம் என்று சொல்லியிருந்தால் வேறொரு மருத்துவரைப் பாருங்கள். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இவை அனைத்தும் செய்கிறார்கள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனை 30 வயதைத் தாண்டிய எல்லாப் பெண்களுக்கும் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே உண்டு, அதையும் முடித்துவிடுங்கள்.

சதைப் பரிசோதனையில் கெடுதல் இல்லை என்றால் வழிகள் நிறைய. ரத்தப்போக்கு உள்ள நாட்களில் மட்டும் போடும் டிரானெக்சாமிக் அமில மாத்திரை இருக்கிறது. ஹார்மோன் வெளிவிடும் காப்பர்-டி போன்ற சாதனத்தைக் கர்ப்பப்பைக்குள் வைத்தால் ஐந்து வருடம் வரை போக்கை நன்றாகக் குறைக்கும். விலை கொஞ்சம் கூடுதல், ஆனால் ஆபரேஷன் செலவையும் அதற்கப்புறம் மூன்று மாதம் காட்டு வேலைக்குப் போக முடியாமல் இருப்பதையும் கூட்டிப் பார்த்தால் கட்டுபடியாகும். இவற்றுக்கெல்லாம் கேட்காவிட்டால், அல்லது பரிசோதனையில் கெடுதல் தெரிந்தால், எடுக்கத்தான் வேண்டும். அப்போதும் சினைப்பைகளையும் சேர்த்து எடுக்கிறார்களா, ஏன் என்று கேளுங்கள். காரணமில்லாமல் அவற்றை முன்கூட்டி எடுத்தால் எலும்பும் இதயமும் பாதிக்கப்படும்.

‘இனி எதுக்கு’ என்று உங்களிடம் சொன்னது எனக்கு வலிக்கிறது. பிள்ளை பெற்று முடித்த உடம்பு என்பதற்காக அதிலிருந்து ஒன்றை எடுத்துவிடலாம் என்று முடிவு செய்வது மருத்துவம் ஆகாது. வீட்டுக்காரரையும் அழைத்துக்கொண்டு போங்கள். அவரும் கேட்கட்டும்.

மகளுக்கு 26 வயது, எம்.சி.ஏ. முடித்து வேலைக்குப் போகிறாள். பிசிஓஎஸ் என்று மூன்று வருடமாக வைத்தியம் பார்க்கிறோம். ஜாதகம் எடுத்திருக்கிறோம். மாப்பிள்ளை வீட்டில் சொல்லலாமுங்களா? ‘கல்யாணம் பண்ணிட்டா எல்லாம் சரியாப் போயிரும்’ என்கிறார் என் அம்மா. – ஒரு தந்தை, ஈரோடு

அப்பா ஒருவர் எழுதியிருப்பதைப் படித்தபோது மனசு நிறைந்தது.

கல்யாணம் இதற்கு மருந்து இல்லைங்க. இன்சுலினும் ஹார்மோனும் தாலியைப் பார்த்து மாறுவதில்லை. அதே மாதிரி, பிசிஓஎஸ் இருந்தால் பிள்ளை பிறக்காது என்பதும் தவறு. பலருக்கு மருந்தே இல்லாமல் கர்ப்பம் தரிக்கிறது, சிலருக்கு நாள் கூடுதலாக ஆகும். முட்டை வெளியாகவில்லை என்றால் லெட்ரோசோல் என்ற மாத்திரையில் ஆரம்பிக்கிறோம். விலக்கு வந்த நாட்களில் ஐந்து நாள் போடுவது, செலவும் குறைவு. பிள்ளை தாமதமானால் பையனுக்கும் விந்துப் பரிசோதனை முதலிலேயே செய்ய வேண்டும். பெண்ணை மட்டும் கோவைக்கும் ஈரோட்டுக்கும் அலைய வைத்துவிட்டு ஒரு வருடம் கழித்து அவரைக் கூப்பிடுவது நடக்கிறது. உங்கள் வீட்டில் நடக்க விடாதீர்கள்.

சொல்வதா வேண்டாமா என்பதை முடிவு செய்ய வேண்டியவள் உங்கள் மகள். அவள் உடம்பு, அவள் வாழ்க்கை. என் அபிப்பிராயத்தைக் கேட்டால், தரகரிடமும் பெரியவர்கள் கூடிய இடத்திலும் சொல்ல வேண்டியதில்லை. பையனும் பெண்ணும் தனியாகப் பேசும்போது அவளே சொல்லட்டும்: எனக்கு இப்படி இருக்கிறது, இந்த மாத்திரை போடுகிறேன், சாப்பாட்டில் இப்படிக் கவனமாக இருக்கிறேன் என்று. அதைக் கேட்டு அந்தப் பையன் என்ன கேள்வி கேட்கிறார் என்பதிலிருந்து நீங்களும் ஒன்றைத் தெரிந்துகொள்ளலாம். மறைத்துவிட்டால் கல்யாணத்துக்குப் பிறகு அவள் மாத்திரையை ஒளித்து ஒளித்துப் போட வேண்டி வரும், பிறகு போடாமலே விட்டுவிடுவாள். சீர் செய்கிற பாத்திரங்களோடு அவளுடைய மருத்துவ ஃபைலையும் கையில் கொடுத்தனுப்புங்கள். கர்ப்பமானதும் முதல் பரிசோதனையிலேயே சர்க்கரை பார்க்கச் சொல்லி அவளுக்கு நினைவுபடுத்துங்கள்.

தைராய்டு மாத்திரை போட்டும் விலக்கு சீராகவில்லை, டி.எஸ்.எச். 9-லேயே நிற்கிறது. காலையில் காபி குடித்ததும் மறக்காமல் போட்டுவிடுகிறேன். – ராசிபுரம்

காபிக்கு முன்னால் போடுங்கள். எழுந்ததும் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் தண்ணீரோடு போட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் தைராய்டு மருந்து உடம்பில் சேராது. முடி உதிர்கிறது என்று பயோட்டின் மாத்திரை எடுத்தால் ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள், அது பரிசோதனை எண்ணையே தப்பாகக் காட்டும். இப்படி ஆறு முதல் எட்டு வாரம் போட்டுவிட்டு டி.எஸ்.எச். மறுபடி பாருங்கள். அதற்குப் பிறகும் குறையவில்லை என்றால் உங்கள் டாக்டர் அளவைக் கூட்டட்டும்.